பேச்சித்தாயை எந்த ஊரில் எழுதுவது

சண்முகையா அண்ணாச்சியோடு பதினோரு வருஷம் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் ஒரு பத்து வருஷமாவது அவர்மேல் கோபமாகத்தான் இருந்திருப்பேன். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பிடித்தால் குரங்குப்பிடி. அதுதான் அவரிடம் இருந்த வியாதி.

சங்கரன்கோவில் மலேரியா ஆபீஸில் எனக்குப் புள்ளிவிவர எழுத்தர் வேலை. சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறி ஓடும், எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். என் குரல் இப்படி ஆனதற்கு அந்தத் தறிதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அண்ணாச்சிக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "காய்ச்சல் யாருக்காவது உண்டா?" என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுக்க வேண்டும். பிறகு கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நாங்கள் அடித்து வைத்திருக்கும் கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து. வெந்து போகிற வெயிலிலும் பஸ் ஏற மாட்டார், கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போவார். பஸ்ஸில் போனால் நடுவில் இருக்கிற நாலு வீடு விட்டுப்போகுமாம். கல்யாண வீட்டிலும் கேட்பார். எழவு வீட்டிலும் கேட்பார். ஒருமுறை பிணத்தைத் தூக்கப்போகிற நேரத்தில் போய் நின்று கேட்டு, அடி வாங்காமல் தப்பி வந்தார். வந்ததும் என்னிடம் வந்து, அந்த வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் இருந்தது, ரத்தம் எடுத்துவிட்டேன் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷர், ஒரு ஊருக்கு மட்டும் போக மாட்டார். இளையரசனேந்தல் பக்கம் ஆவாரங்குளம். அது முதலில் அவருடைய சுற்றில்தான் இருந்தது. 1982இல் மைதீன் பாட்சா என்கிற இன்னொரு ஊழியரிடம் கெஞ்சி, அந்தச் சுற்றைக் கொடுத்துவிட்டு, சிவகிரி மலையடிவாரச் சுற்றை வாங்கிக்கொண்டார். மலையடிவாரம் என்றால் இரண்டு மடங்கு நடை. பாட்சா சந்தோஷமாக மாற்றிக்கொண்டார். காரணம் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

ஆவாரங்குளம் அவருடைய அக்கா முப்பிடாதியம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர். அக்கா மகன் துரைப்பாண்டிக்குத்தான் தன் ஒரே மகள் பேச்சித்தாயைக் கட்டிக்கொடுத்திருந்தார். முறைமாப்பிள்ளை, சொந்த அக்கா வீடு, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கொடுத்தது. ஆறாவது வருஷம் பேச்சித்தாய்க்குக் காலும் முகமும் வீங்க ஆரம்பித்தது. கை வைத்தியம் பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒருநாள் அக்காக்காரி பஸ்ஸில் கூட்டி வந்து, ஒரு தகரப் பெட்டியோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். உன் மகளை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். மூன்று மாதம் கிடந்தாள். பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். செத்த அன்று அக்கா வீட்டார் வந்து உடலைத் தங்கள் ஊருக்குக் கேட்டார்கள். அண்ணாச்சி கொடுக்கவில்லை. உயிரோடு வேண்டாதவர்களுக்குப் பிணம் எதற்கு என்று கேட்டாராம். அவர் வாழ்க்கையில் கோபத்தில் சத்தம் போட்டுப் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான் என்பார்கள். அதற்குப் பிறகு அக்காவோடு பேச்சில்லை. துரைப்பாண்டி அடுத்த வருஷமே சிவகிரிப் பக்கத்தில் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

இது நடந்து நாலு வருஷம் கழித்து, 1986 பொங்கல் முடிந்த கையோடு, ஜில்லா ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து சிறுநீரக நோயோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் கடைசி நேரத்தில்தான் வருகிறார்களாம். அதனால் ஒரு வேன் கொடுக்கப்போகிறார்கள். டாக்டர், நர்ஸ், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, சிறுநீர் சோதிக்கிற சாமான், மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, ஒரே ஒரு இடத்தில் நிற்கும். அது எந்த இடம் என்று முடிவு பண்ண, கடந்த ஐந்து வருஷத்தில் இந்த நோயில் செத்தவர்களை ஊர்வாரியாக எடுத்து, ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். எங்கே புள்ளி அதிகமோ அங்கே வேன். ஆறு வாரம் கெடு.

எங்கள் அதிகாரி ராஜதுரை சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பிறகு என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் வேலை செய்கிற முறை அது. எனக்குத் துணையாக அண்ணாச்சியைப் போட்டார். படம் வரைவதில் அண்ணாச்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த ஊரானாலும் தெரு, கிணறு, கோயில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவார். பெரிய அட்டையில் அவர் வரைந்து கொண்டுவந்த படத்தைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். அப்படி நான் வாயடைத்த நாட்கள் குறைவு.

ஆண்களுக்கு நீல மையில் புள்ளி, பெண்களுக்குச் சிவப்பு என்று முடிவு செய்தோம். சிவப்பு மை அட்டையில் ஊறிப் பரவியது. அப்போதுதான் ஸ்டிக்கர் பொட்டு வந்த புதிது. ரத வீதியில் தங்கப்பழம் கடைக்குப் போய், சின்ன அளவில் சிவப்புப் பொட்டு ஒரு அட்டை கேட்டேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள், பிறந்ததிலிருந்து நெற்றியில் ஒன்றும் வைத்ததில்லை. ஆபீஸ் வேலைக்கு என்று சொன்னேன். தங்கப்பழம் சரி சரி என்று சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐந்தாறு பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்க வேலைக்காக இப்படியெல்லாம் மானம் போக வேண்டுமா என்று இருந்தது.

ஊழியர்கள் எல்லாரும் வாசலில் காய்ச்சலைக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். ஐந்து வருஷத்துக்குள் இந்த வீட்டில் யாராவது கால், முகம் வீங்கி, ஒன்றுக்குப் போவது குறைந்து செத்தார்களா? பதில்களை எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. நீர் கோத்துக்கொண்டது என்பார்கள். ஊதிப் போச்சு என்பார்கள். செய்வினை என்றார்கள் இரண்டு வீட்டில். எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, சீட்டு இருந்தால் அதையும் பார்த்து, கடைசியில் எழுபத்தொன்பது பேர் தேறினார்கள். ஆண்கள் முப்பத்தெட்டு, பெண்கள் நாற்பத்தொன்று.

நீலப் புள்ளிகளைப் பார்த்தால் விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் ஆவாரங்குளத்தையும் அதைச் சுற்றிய மானாவாரி ஊர்களையும் மொய்த்துக்கொண்டிருந்தன. சிவப்பு மட்டும் ஒரு ஒழுங்கில்லாமல் கிடந்தது. சிவகிரிப் பக்கம் ஒன்று, மேற்கே இரண்டு, தெற்கே ஒன்று என்று சிதறியிருந்தது. சங்கரன்கோவில் டவுனில் ஒன்பது. ஆவாரங்குளத்தில் சிவப்பே இல்லை. இரண்டையும் கூட்டினால் டவுன்தான் முதலில் வந்தது, பதினைந்து.

ராஜதுரை சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேன் இங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றால் டாக்டருக்கும் வசதி, நமக்கும் அலைச்சல் இல்லை என்றார். எனக்கு வயிறு எரிந்தது. டவுனில் ஏற்கெனவே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலிலேயே வேனைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கா நான் பொட்டு வாங்கி மானம் கெட்டேன்? ஆனால் புள்ளி அப்படித்தான் சொன்னது. ஒரே தண்ணீர், ஒரே சோறு, ஒரே வெயில். ஆவாரங்குளத்து ஆண்களைப் பிடிக்கிற நோய் பெண்களை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? இரண்டு நாள் அந்தப் படத்தை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பதிவேட்டைச் சுத்தப்பிரதி எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பெண்கள் பெயருக்குப் பக்கத்தில் 'த/பெ' என்று தகப்பன் பெயர் இருந்தது. முப்பது வயது, முப்பத்தைந்து வயது, எல்லாருக்கும் தகப்பன் பெயர். எங்கள் பக்கத்தில் இருபத்திரண்டு வயதுக்கு மேல் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் இருந்தால் தெருவே தூங்காது. இத்தனை பேரும் கன்னிகழியாமலா செத்தார்கள்? கணவன் பெயர் போட்டு 'க/பெ' என்று ஏன் ஒருவரும் எழுதவில்லை?

ஏனென்றால் வாசலுக்கு வந்து பதில் சொன்னது தகப்பன்மார். சீக்கு முற்றியதும் மருமகளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அங்கே கிடந்து சாகிறாள். ஆண் பிள்ளை எங்கே போவான், இருந்த ஊரிலேயே சாகிறான், அவன் புள்ளி சரியான இடத்தில் விழுகிறது. பெண்கள் எந்த ஊரில் நோயை வாங்கினார்களோ அந்த ஊரில் ஒரு தடயமும் இல்லை. டவுன் பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரி: பேச்சித்தாய், வயது 27, த/பெ சண்முகையா, சங்கரன்கோவில். அண்ணாச்சியின் கையெழுத்து. எனக்கு எல்லாமே தெரியும், தெரிந்தும் இத்தனை வாரமாக அந்த வரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலும் வந்தது.

அவர் வந்ததும் பதிவேட்டை முன்னால் வைத்தேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, பேச்சித்தாய் எந்த ஊர்த் தண்ணிய குடிச்சா?"

அவர் குடையைச் சுருக்கி மூலையில் வைத்தார். ஜில்லா ஆபீஸ் அச்சடித்து அனுப்பிய பாரத்தில் 'இறந்த இடம்' என்றுதான் கேட்டிருக்கிறது, குடித்த இடம் என்று கேட்கவில்லை என்றார். அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. இருபத்தேழு வயசுப் பெண்கள் நாலு திசையிலும் செத்துக் கிடக்கிறார்கள், இவர் பாரத்தைப் படித்துக் காட்டுகிறார். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்கள் கோபத்தை நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் படத்தில் வைக்காதீர்கள் என்றுகூடச் சொன்னேன்.

"அவ என் வீட்டுலதான் செத்தா," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. லீவு லெட்டரும் இல்லை. கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. இந்த மனுஷரை நம்பினேனே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் கால் முழுக்கப் புழுதியோடு வந்து நின்றார். நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போயிருக்கிறார். உங்கள் மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தீர்கள் என்று ஒவ்வொரு தகப்பனிடமும் கேட்டிருக்கிறார். இரண்டு வீட்டில் விரட்டினார்களாம், ஒரு வீட்டில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். நாற்பதில் இருபத்தாறு பேர் இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி ஊர்களில் வாழ்ந்தவர்கள். ஆவாரங்குளத்தில் மட்டும் ஆறு பேர். காகிதத்தை நீட்டினார். அதில் நாற்பது பெயர்தான் இருந்தது. நாற்பத்தொன்றாவதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொட்டுகளைப் பிடுங்கி இடம் மாற்ற ஆரம்பித்தேன். ஒருமுறை உரித்த பொட்டு மறுபடி ஒட்டுவேனா என்றது. மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து ஒட்டினேன். ராஜதுரை சார் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இறந்த இடத்தை இஷ்டத்துக்கு மாற்றினால் மேலே கேள்வி வருமாம். பொண்ணைப் பெற்றவன் கோபத்தில் எதையும் சொல்வானாம். கணவன் வீட்டார், ஆம், இந்தப் பெண் இங்கே இருக்கும்போதுதான் நோய் வந்தது என்று ஒத்துக்கொண்டு கைநாட்டு வைத்தால்தான் புள்ளியை மாற்றலாம், ஆவாரங்குளத்தில் ஒரு வீடாவது வைக்கட்டும் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

பாட்சாவை அனுப்பினோம். வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஆறு வீட்டிலும் அதே பதில். எங்கள் வீட்டில் யாருக்கும் சீக்கு இல்லை, அவள் இங்கே இருக்கும்வரை நன்றாகத்தான் இருந்தாள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று பாட்சா ஊர்க் கடையில் விசாரித்திருக்கிறார். சீக்கு ஊர் என்று பெயர் எடுத்துவிட்டால் எவன் பெண் கொடுப்பான்? கைநாட்டு வைக்கிற முதல் வீடாக யாரும் இருக்க மாட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நிற்கிற வீடு ஒன்று வைத்தால் மற்றவர்கள் வைப்பார்கள். அங்கே அப்படி இருக்கிற வீடு முப்பிடாதியம்மாள் வீடு என்று சொல்லிவிட்டு, பாட்சா அண்ணாச்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

நீங்களே போங்கள் என்று சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அண்ணாச்சி அந்த அட்டையில் ஆவாரங்குளத்தை விரலால் தொட்டார். பிறகு, காலையில் முதல் பஸ்ஸுக்கு வாரியாம்மா என்று என்னைக் கேட்டார். அவர் பஸ் ஏறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இளையரசனேந்தலில் இறங்கி இரண்டு மைல் கரிசல் வண்டிப் பாதையில் நடந்தோம். அவர் முன்னால், குடையோடு. எனக்குச் செருப்பு அறுந்து, வாய் வறண்டு, இந்த வேலைக்கு வந்த நாளைச் சபித்துக்கொண்டே பின்னால் போனேன். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார். காய்ச்சல் யாருக்காவது உண்டா? அடுத்த வீடு. காய்ச்சல் யாருக்காவது உண்டா? பாட்சாவின் சுற்று, இவருக்கு அங்கே வேலையே இல்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போகாமல் இது என்ன கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழாவதாக அக்கா வீட்டு முன்னால் அவர் நின்றபோதுதான் புரிந்தது, அந்த வாசலுக்குப் போய் நிற்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"காய்ச்சல் யாருக்காவது உண்டா?"

உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் ஒருத்தருக்கும் இல்லை என்றது. குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும். முப்பிடாதியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதே மூக்கு, அதே நெற்றி, தம்பியைவிட ஒரு சாண் உயரம். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. துரைப்பாண்டியின் இரண்டாம் பெண்டாட்டி சுப்புத்தாய். இருபத்துநாலு வயதுதான் இருக்கும். கண் இரண்டும் வீக்கத்தில் பாதி மூடியிருந்தன. துரைப்பாண்டி மாட்டு வண்டி கேட்டுவரப் போயிருக்கிறான், சிவகிரிப் பக்கம் அவள் ஆத்தா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று யாரும் கேட்காமலே முப்பிடாதியம்மாள் என்னிடம் சொன்னாள்.

அண்ணாச்சி குடையைக் கீழே வைத்தார். சுப்புத்தாய் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, காலை நீட்டு தாயி என்றார். முன்னங்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாக அப்படியே நின்றது. மூன்று மாதம் மகளின் காலில் தினமும் அப்படி அழுத்திப் பார்த்த விரல் அது. குழி நிரம்புகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்திருக்காமலேயே அக்காவிடம் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"யக்கா, பேச்சித்தாய நீ அனுப்பிவிட்ட. நான் என் ஊர்லயே எழுதி வச்சேன். இந்த ஊர்ல இப்படி ஒரு சீக்கு உண்டுன்னு நாம ரெண்டு பேரும் சேந்துதான் இந்தப் பிள்ளைக்குத் தெரியாமப் பண்ணிட்டோம்."

முப்பிடாதியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் காகிதத்தை எடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார், எந்த அலங்காரமும் இல்லாமல். இந்தப் பக்கத்தில் இத்தனை ஆண்கள், வெளியூரில் போய்ச் செத்த இத்தனை பெண்கள், வேன் வந்தால் ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம், நீ கைநாட்டு வைத்தால் வேன் வரும், வைக்காவிட்டால் டவுனுக்குப் போய்விடும். பெயர் கெட்டுப்போகும் என்று நினைத்தால் வைக்காதே. ஆனால் இவளை அவள் ஆத்தா வீட்டுக்கு அனுப்பாதே, இன்றைக்கே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லு, பேச்சித்தாயைக் கொண்டு போனபோது நாள் கடந்துபோயிருந்தது, இவளுக்கு இன்னும் இருக்கிறது.

"வண்டி வந்துரும்," என்றாள் முப்பிடாதியம்மாள். "பாளையங்கோட்டைக்கே போட்டும். எங்கன வைக்கணும் தம்பி, காட்டு."

மைப்பெட்டியை நீட்டினேன். வலது கையா இடது கையா என்று கேட்டாள். எனக்கே மறந்துபோய் விழித்தேன். கைநாட்டு வைத்ததோடு நிற்கவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். மற்ற ஆறு வீட்டிலும் வாசலில் நின்று, நான் வச்சுட்டேன், நீ வையி என்றாள். ஒரு வீட்டில் மட்டும் முணுமுணுத்தார்கள். அங்கே அவள் பேசியதை நான் எழுத முடியாது. ஒரு மணி நேரத்தில் ஏழு கைநாட்டு. பாட்சா மூன்று நாள் அலைந்து ஒன்றுகூட வாங்கவில்லை.

வேன் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பிப்ரவரியில் அனுப்பிய படத்துக்கு ஆகஸ்டில் வந்தது, அரசாங்கத்தில் அதுவே வேகம். இளையரசனேந்தலிலேயே நிறுத்தலாமே என்று ராஜதுரை சார் கடைசிவரை முனகினார், ஆவாரங்குளத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில்தான் நின்றது. முதல் சிகிச்சை அட்டை சுப்புத்தாய்க்கு. மாமியார் வீட்டிலேயே இருந்து மாத்திரை தின்றாள். உப்பைக் குறை என்று சொன்ன டாக்டரோடு மட்டும் வாராவாரம் சண்டை போட்டாள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் இந்த நோய், தண்ணீரா, வேறென்னவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரும் வந்து தோண்டிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதை இல்லை. ஆவாரங்குளத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்த அன்று மாலையைப் பற்றி. ஆபீஸ் மூட அரைமணி இருந்தது. ஆவாரங்குளத்து ஆறு பொட்டையும் மாற்றி ஒட்டி, எல்லாம் முடித்துவிட்டேன். டவுனில் பேச்சித்தாயின் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. முதல் கைநாட்டே அவளுக்கானதுதான். ஆனாலும் அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி வந்து, நகத்தால் மெதுவாகக் கிளப்பி, அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் பதிவேட்டை இழுத்து அந்த வரியைப் பிரித்தார்.

'த/பெ சண்முகையா' என்று இருந்ததை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். மேலே 'க/பெ துரைப்பாண்டி, ஆவாரங்குளம்' என்று எழுதினார். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாகத்தான் இருந்தது. திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதையும் போட்டார்.

அப்புறம் உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். பசையைத் தொட்டு, ஆவாரங்குளத்தில் மற்ற ஆறு பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பசை வழுக்கியதில் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. சரி பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. அவ வீட்டுக்கு அவ போயிட்டா," என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தறி நின்றது. கரண்டு போயிருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் நான் மெதுவாகப் பேசியிருக்கக்கூடிய ஒரே நேரம் அதுதான். நான் பசைக் கிண்ணத்தை மூடினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு, மூலைக்கடையில் டீ குடிக்க வாரியாம்மா என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடவே போனேன்.